மனிதர் தெய்வமான வரலாறு

தோட்டத்து மரத்தடியில் நிற்கும் மதுரை வீரனை வணங்குதல் தகுமா? செத்த மனிதனைச் சாமியாக்குவது அறியாமை என்பர், மிஷன் பாடசாலைகளிற் படித்த நம்மிற் சிலர். ஆகமம் கூறாத சிறுதெய்வம் என ஒதுக்குவர், நம் பெரியோரிற் சிலர். இவ்விரு கூற்றையும் வரலாற்றுக் கண்கொண்டு சற்றே ஆராய்வோம்.

மனிதரைத் தெய்வமாகக் கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மானிடத் தாயின் வயிற்றிற் பிறந்து, அரும்பாடுபட்டு, ஈமத் தீயினின்று தேவருலகு சென்றவன் என ஹெர்க்குலிசைக் கிரேக்கர் போற்றினர். உரோமரோ இதனை அரசாங்கக் காரியமாகவே ஆக்கினர். கி. மு. 44இற் கொலையுண்ட யூலியஸ் சீசரைக் கி. மு. 42இல் செனற் சபை தெய்வமென அறிவித்தது. அவனது சுவீகார புத்திரன் ஒகஸ்தஸ், தன்னைத் தெய்வத்தின் மைந்தன் என நாணயங்களிற் பொறித்துக்கொண்டான். கி. பி. 14இல் இறந்ததும் அவனும் தெய்வமாக்கப்பட்டான்.

இத்தகைய உலகிலேதான் கிறித்தவம் பிறந்தது. லீஸ்திரா நகரத்தார் பர்னபாவை யூப்பித்தர் என்றும், பவுலை மெர்க்கூரி என்றும் எண்ணி, எருதுகளும் மாலைகளும் கொணர்ந்து பலியிட முற்பட்டனர். அவ்விருவரும் தம் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு, தாமும் மனிதரே எனக்கூறித் தடுத்ததை அப்போஸ்தலர் நடபடிகளிற் காண்கிறோம். கி. பி. 112 அளவில் பித்தினியா நாட்டு ஆளுநன் பிளினி, கிறித்தவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பேரரசன் உருவத்தின் முன் தூபமும் மதுவும் படைக்கச் செய்து சோதித்தான். இயேசுவைத் தெய்வமாகப் பாடியோர் சீசரைத் தெய்வமென ஏற்க மறுத்தது ஏன்? அவர்களிற் பெரும்பாலோர் நம்பிக்கையில், இயேசு தெய்வநிலைக்கு உயர்ந்த மனிதர் அல்லர். மனிதராக இறங்கி வந்த இறைவன். 325இல் நைசீயாவிற் கூடிய சங்கமும் அவர் தந்தையோடு ஒரே தன்மையர் என வரையறுத்தது. ஆயினும் வேதசாட்சிகளாய் மடிந்தோரின் எலும்புகளைப் பேணி, ஆண்டுதோறும் அவர்தம் நாளைக் கொண்டாட அவர்கள் தவறவில்லை. தெய்வமாக்கவில்லை, மறக்கவுமில்லை.

இனித் தமிழர் வழியை நோக்குவோம். மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் ஆறாக வகுக்கின்றது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டம் இம்முறையைக் கண்ணகிக்கு உரியதாக்குகின்றது. அநீதியாற் கணவனை இழந்த அவளை முதலில் தெய்வமெனக் கொண்டவர் மலைக்குறவர். அவர்கள் சொல்லக் கேட்ட பின்னரே சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்து கோயில் எடுத்தான். இலங்கை மன்னன் கயவாகுவும் அங்கு வந்திருந்தான் என்கிறது அக்காப்பியம். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாக வழிபடுகின்றனர். நம் சபரகமுவைக் கிராமங்களில் அவளுக்குக் கம்மடுவச் சடங்கு செய்யும் மரபும் உண்டு.

மதுரை வீரன் கதையும் அத்தகையதே. தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்தவன். நாயக்கர் காலத்து மதுரையிற் கள்ளரை அடக்கியவன். அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்பர். 19ஆம் நூற்றாண்டு முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் வந்த நம் மூதாதையர் அவனையும் நெஞ்சிற் சுமந்து வந்தனர். குற்றமின்றித் தண்டிக்கப்பட்டவனின் துயரம், முறையிட இடமற்று உழைத்த அவர்களுக்கு அந்நியமன்று.

இங்கு ஒரு வேற்றுமையைக் காண்க. சீசர் தெய்வமானதாற் பயன் பெற்றது அவன் வாரிசின் ஆட்சி. கண்ணகியும் வீரனும் தெய்வமானதால், ஆட்சி செய்த அநீதி மறக்கப்படாமல் நின்றது. அங்கே அதிகாரம் புனிதமாயிற்று. இங்கே அதிகாரத்தின் பிழை சாட்சியாயிற்று.

வீரனைச் சிவபெருமானுக்கு நிகராக்குவது நம் கருத்தன்று. ஆகம முறைப்படி புதுக்கோயில் எழுவதும் வேண்டற்பாலதே. ஆயினும் மரத்தடிக் கல்லைப் பெயர்த்தெறியுமுன், அது யாருடைய கதையைச் சொல்கின்றது என்று நம் பாட்டன் பாட்டிமாரைக் கேட்போமாக. நம் முன்னோர் ஏட்டில் எழுதி வைக்காத வரலாறு அக்கல்லிலேதான் இருக்கின்றது.