தட்சிணையும் ஆய்வு நல்கையும்: புனே டெக்கான் கல்லூரியில் முதுநிலை மாணவர்க்கு வாய்த்த வழிகள்

முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் மேலும் சில ஆண்டுகள் கல்வியிலேயே நிலைத்திருக்க வேண்டுமாயின் அவருக்கு இரண்டு தேவைப்படுகின்றன. ஒன்று, உணவுக்கும் உறையுளுக்கும் போதுமான தொகை. மற்றொன்று, அத்தொகை எங்கு, எவர்க்கு, எப்போது வழங்கப்படுகிறது என்னும் செய்தி. கல்வி வரலாற்று நூல்கள் முதலாவதை விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றி அவற்றில் ஓரிரு வரிகளே காணப்படும். ஆனால் செய்தி எட்டாத இடத்தில் தொகை இருந்தும் இல்லாததற்குச் சமமே. புனேயில் உள்ள டெக்கான் கல்லூரியின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதற்கு ஏற்றது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் ஒரே நிறுவனத்தின் வழியே கற்றோர்க்கு வழங்கப்பட்ட தொகை, கொடையிலிருந்து நல்கையாகவும் நல்கையிலிருந்து தேர்வுப் பரிசிலாகவும் மாறியுள்ளது. இந்திய மொழியியலின் வளர்ச்சியும், அதன் வழியே தமிழ் மொழியியலின் ஒரு பகுதியும் இம்மாற்றத்தோடு பிணைந்துள்ளன.

கொடையாக இருந்த காலம்

பேஷ்வாக்களின் ஆட்சியில் ஆண்டுதோறும் சிராவண மாதத்தில் புனேயில் தட்சிணை வழங்கும் வழக்கம் இருந்தது. சாத்திரங்களிலும் வேதங்களிலும் பயிற்சியுடைய பிராமணர் தொலைவிலிருந்தும் வந்து கூடினர். அவர்தம் புலமை அளந்தறியப்பட்டு, அதற்கேற்பத் தொகை வழங்கப்பட்டது. இதற்கென அழைப்போ அறிவிப்போ தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது. பஞ்சாங்கமே அறிவிப்பாக நின்றது. ஆயினும் அச்செய்தி ஒரு குலத்தார்க்கு மட்டுமே உரிய செய்தி. ஏனையோர் அதனை அறிந்திருந்தாலும் அதனால் அவர்க்குப் பயன் இல்லை.

1818இல் பேஷ்வா ஆட்சி முடிவுற்றபோது இவ்வழக்கத்தை என்செய்வது என்னும் சிக்கல் ஆங்கிலேயர்முன் எழுந்தது. முற்றிலும் நிறுத்தினால் புனேயின் கற்றோர் குழாம் பகையாகும். அப்படியே தொடர்ந்தால் செலவு மிகும். மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் இடைவழி ஒன்றைத் தேர்ந்தார். தட்சிணை நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1821 அக்டோபர் 6ஆம் நாள் புனேயில் ஒரு வடமொழிக் கல்லூரி தொடங்கப்பட்டது. விசிராம்பாக் வாடாவில் நடைபெற்ற இக்கல்லூரியே பின்னாளில் டெக்கான் கல்லூரியாக வளர்ந்தது. ஒரு நாள் கொடையாக இருந்தது, இவ்வாறு படிக்குங்காலம் முழுவதும் கிடைக்கும் உதவியாக உருமாறியது. பெறுவோர் மட்டும் மாறவில்லை.

பெறுவோர் யார், எதற்காகப் பெறுகின்றனர் என்னும் வினாவை வெளிப்படையாக எழுப்பியவர்கள் புனேயின் இளைஞர்களே. 1849இல் கோபால் ஹரி தேஷ்முக் முதலியோர் தட்சிணைத் தொகையின் ஒரு பகுதியை மராத்தி மொழியில் பயனுள்ள நூல்கள் எழுதுவோர்க்கு வழங்குமாறு அரசுக்கு விண்ணப்பித்தனர். 'லோகஹிதவாதி' என்னும் பெயரால் அறியப்பட்ட தேஷ்முக் தாமே பிராமணர். வைதிகர் இம்முயற்சியைக் கடுமையாக எதிர்த்தனர். விண்ணப்பக்காரர்களுக்கு ஜோதிராவ் புலே துணைநின்றார் என அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இதன் பயனாகத் தட்சிணைப் பரிசுக்குழு தோன்றியது. மராத்தியில் எழுதப்பட்ட நூல்களும் மொழிபெயர்ப்புகளும் பரிசு பெறலாயின. வழக்குமொழி ஒன்றில் எழுதுவதற்குப் பொதுநிதியிலிருந்து ஊதியம் பெறலாம் என்னும் கருத்து மேற்கிந்தியாவில் வேரூன்றியதற்கு இந்நிகழ்ச்சியை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம்.

நல்கை என்னும் மாற்றம்

1857இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் தட்சிணை நிதிக்குப் புதியதொரு வடிவம் கிடைத்தது. தேர்ந்த மாணவர் 'தட்சிணை பெல்லோ' எனப் பெயரிட்டுக் கல்லூரியிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டனர். அவர்கள் மேற்படிப்பைத் தொடர்ந்துகொண்டே கீழ் வகுப்பினர்க்குப் பாடமும் நடத்தினர். இன்று ஆய்வு மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படும் கற்பித்தல் பணிக்கு இது முன்னோடி எனலாம். மகாதேவ கோவிந்த ராணடே இத்தகைய நல்கை பெற்றவர். மொழியியலார்க்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு இராமகிருஷ்ண கோபால் பண்டார்கர். தட்சிணை நல்கை பெற்றிருந்த ஆண்டுகளிலேயே அவர் வடமொழிக் கல்வியில் ஆழ்ந்தார். 1877இல் பம்பாயில் அவர் ஆற்றிய வில்சன் மொழிநூற் சொற்பொழிவுகள் 1914இல் நூலாக வெளிவந்தன. வடமொழியிலிருந்து பாகதங்கள் வழியே இக்கால மொழிகள் வரையிலான வரலாற்றை ஒப்பியல் முறையில் இந்தியர் ஒருவர் விளக்கிய முதன்மையான முயற்சிகளுள் அது ஒன்று. வேதமோதியதற்காக வழங்கப்பட்ட ஒரு நிதி, அரை நூற்றாண்டிற்குள் மொழிநூலுக்குச் சோறிட்டது.

இங்குச் சொற்பொருள் பற்றிய குறிப்பு ஒன்று பொருந்தும். தட்சிணை என்பது வினை முடிந்தபின் வழங்கப்படுவது. வேள்வியோ ஓதுதலோ நிறைவெய்திய பின்னரே அது கைமாறும். ஆய்வு நல்கையோ செய்யப்போகும் பணியை நம்பி முன்னதாக வழங்கப்படுவது. 'தட்சிணை பெல்லோ' என்னும் தொடர் இவ்விரு பொருள்களையும் ஒட்டவைத்த ஒன்று. தமிழில் இதற்கு நிலையான சொல் இன்றளவும் அமையவில்லை. 'உதவித்தொகை' என்பது ஏழைமையைச் சுட்டுகிறது. 'நல்கை' என்பது வழங்குவோரின் பெருமையைச் சுட்டுகிறது. உழைப்பைச் சுட்டும் சொல் இல்லை.

1864இல் டெக்கான் கல்லூரி என்னும் பெயரைப் பெற்ற இந்நிறுவனம், சர் ஜம்ஷெட்ஜி ஜிஜிபாயின் நன்கொடையால் எழுந்த எரவாடாக் கட்டடத்திற்கு 1868இல் இடம்பெயர்ந்தது. 1934இல் அரசு கல்லூரியை மூடியது. பழைய மாணவர்கள் வழக்காடினர். நன்கொடையாகப் பெற்ற பொருளுக்கு அரசு கடமைப்பட்டது என்பதே வழக்கின் சாரம். 1939 ஆகஸ்ட் 17ஆம் நாள் அது மீண்டும் திறக்கப்பட்டபோது இளங்கலை வகுப்புகள் இல்லாமல், முதுநிலைக் கல்விக்கும் ஆய்விற்கும் மட்டுமான நிறுவனமாகத் திறக்கப்பட்டது. ஐ. ஜே. எஸ். தாராபூர்வாலா முதல் இயக்குநர். எஸ். எம். கத்ரே, எச். டி. சங்காலியா, இராவதி கர்வே ஆகியோர் தொடக்கக்கால ஆசிரியர்கள். திராவிட மொழிநூலுக்கெனச் சி. ஆர். சங்கரன் பணியாற்றினார், கருவிகளைக் கொண்டு ஒலிகளை ஆராயும் கூடத்தை நடத்தினார். தொல்பழந்தமிழின் ஒலியனியல் பற்றிய அவரது நூல் 1951இல் வெளிவந்தது. தொல்காப்பியர் கூறும் ஆய்தத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்து எண்ணிப்பார்க்கும் துணிவு அன்று புனேயில் இருந்தது என்பது தமிழ்த் துறையினர் பலரும் மறந்துவிட்ட செய்தி.

கோடைப் பள்ளிகள்

கத்ரே 1942 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் இயக்குநராக இருந்தார். 1948இல் அவர் தொடங்கிய வடமொழிக் கலைக்களஞ்சிய அகராதித் திட்டம், நூல்களைப் படித்துச் சொல்லட்டை எழுதும் பணியைத் தலைமுறை தலைமுறையாக இளம் ஆய்வாளர்க்கு அளித்தது. ஏறத்தாழ 1500 நூல்களிலிருந்து ஒரு கோடி அட்டைகள் தொகுக்கப்பட்டன. முதல் தொகுதி 1976இல் வெளிவரத் தொடங்கியது. ஆனால் இந்தியா முழுவதிலும் தாக்கம் விளைவித்தது அகராதி அன்று, கோடைப் பள்ளிகளே.

1953 மே மாதம் மொழியியலாரும் கல்வியாளரும் புனேயில் கூடினர். ராக்பெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியோடு 1954இன் இறுதியில் முதல் மொழியியல் பள்ளியும், 1955இல் கோடைப் பள்ளியும் நடைபெற்றன. தொடர்ந்து வேறு ஊர்களிலும் இவை நடத்தப்பட்டன. சில வாரங்களே நீடித்த வகுப்புகள் இவை. ஆயினும் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, எழுத்துக்கும் ஒலிக்கும் வேறுபாடு காணாமல் இலக்கணம் பயிற்றிவந்த விரிவுரையாளர்க்கு இவ்வாரங்கள் ஒரு திருப்பமாக அமைந்தன. தகவலாளியை எதிரில் அமர்த்தி, அவர் பேச்சைக் கேட்டு, கேட்டதைக் கேட்டவாறே குறித்து, அதிலிருந்து ஒலியன்களையும் உருபன்களையும் பிரித்தெடுக்கும் முறையை அவர்கள் கைப்பழக்கமாகக் கற்றனர். பேச்சுவழக்கு, கொச்சை என ஒதுக்கப்பட்டது ஆய்வுப் பொருளாயிற்று. சார்லஸ் பெர்குசன், ஜான் கம்பர்ஸ், வில்லியம் பிரைட் முதலிய அமெரிக்கர் இக்காலத்தில் புனேயோடு தொடர்புகொண்டிருந்தனர். பெர்குசனும் கம்பர்சும் தெற்காசிய மொழி வேற்றுமை பற்றித் தொகுத்த நூல் 1960இலும், பிரைட் பேச்சுக் கன்னடம் பற்றி எழுதிய நூல் 1958இலும் வெளிவந்தன. கற்பிக்க வந்தவர்களும் கற்றுக்கொண்டு சென்றனர் என்பதற்கு இவையே சான்று.

அக்கால இந்திய இளைஞர் அமெரிக்கா சென்று பட்டம் பெற்று மீண்டது இதே காலத்து நிகழ்ச்சி. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி பென்சில்வேனியாவிலும், வ. அய். சுப்பிரமணியம் இந்தியானாவிலும் 1957இல் முனைவர் பட்டம் பெற்றனர். ஆங்கில ஆசிரியராக இருந்த அ. கி. இராமானுஜன் 1958-59இல் டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயின்றார், புல்பிரைட் நல்கை பெற்று 1959இல் இந்தியானா சென்றார், 1963இல் முனைவரானார். சங்கப் பாடல்களின் மொழிபெயர்ப்பாளராகவே உலகம் அவரை அறியும். அம்மொழிபெயர்ப்புகளில் தொடரமைப்பின்மீது அவர் செலுத்திய கவனத்திற்கு மொழியியற் பயிற்சி துணைசெய்தது என்று கருத இடமுண்டு. தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் தமிழ்மொழி வரலாற்றை 1965இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதும் டெக்கான் கல்லூரியே. 1960களில் பல்கலைக்கழக மானியக்குழு மொழியியல் உயராய்வு மையங்களைத் தேர்ந்தபோது புனேயோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இடம்பெற்றது.

இவ்வளவும் பெருமைக்குரியனவே. எனினும் அக்கால வாய்ப்புகளின் செய்தி பரவிய முறையையும் நோக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வரும் சுற்றறிக்கை துறைத்தலைவரின் மேசையில் நிற்கும். அவர் எவரிடம் சொல்கிறாரோ அவரே விண்ணப்பிப்பார். பரிந்துரைக் கடிதமும் அவர் கையதே. நல்ல தலைவர் வாய்த்த துறைகளிலிருந்து பலர் வெளிச்சென்றனர். ஏனைய துறைகளின் மாணவர்க்குக் காலங்கடந்தே செய்தி தெரிந்தது. கல்லூரிகளில் பணியாற்றிய தமிழாசிரியர் பலர்க்கு அதுவும் தெரியவில்லை. மொழியியலில் சில குருகுலங்களின் பெயர்களே திரும்பத் திரும்பக் காணப்படுவதற்குத் திறமை மட்டும் காரணமன்று.

அறிவிப்பும் தேர்வும்

இந்நிலையை மாற்றியவற்றுள் அச்சிட்ட அறிவிப்பு முதலாவது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிட்ட 'யுனிவர்சிட்டி நியூஸ்' இதழும், 1976இல் தொடங்கிய 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழும் துறைத்தலைவரின் மேசையைக் கடந்து நூலகப் படிப்பறைக்குச் செய்தியைக் கொண்டுவந்தன. இரண்டாவது, தேர்வு. இளநிலை ஆய்வு நல்கையை அதுவரை பல்கலைக்கழகங்கள் தத்தம் வழியில் வழங்கிவந்தன. 1984இல் அதற்கெனத் தேசிய அளவில் தேர்வு ஏற்பட்டது. 1989 முதல் அது விரிவுரையாளர் தகுதித் தேர்வையும் உள்ளடக்கியது. முகமறியாத மாணவர் ஒருவர் எவருடைய பரிந்துரையுமின்றி நல்கை பெறுவதற்கு இதுவே வழி திறந்தது. ஆனால் தேர்வு ஆய்வுத்திறனை அளக்கிறதா என்பது வேறு வினா. கள ஆய்வில் காது கூர்மையுடைய மாணவர், விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து குறிக்கும் முறையில் பின்தங்குவதை மொழியியல் ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

தட்சிணையின் குல எல்லைக்கு நேர் எதிரான முயற்சி 2005இல் வந்தது. அவ்வாண்டு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு ராஜீவ் காந்தி பெயரில் தேசிய நல்கை ஏற்படுத்தப்பட்டது. 2009இல் சிறுபான்மையினர்க்கு மௌலானா ஆசாத் நல்கை தொடங்கியது. 2022இல் அது நிறுத்தப்பட்டது. நடுவண் பல்கலைக்கழகங்களில் தகுதித் தேர்வு எழுதாத ஆய்வாளர்க்கு மாதம் 5,000 அல்லது 8,000 ரூபாய் வழங்கிவந்ததை நிறுத்த 2015 அக்டோபரில் மானியக்குழு முடிவெடுத்தது. மாணவர்கள் தில்லியில் குழுவின் அலுவலகத்தின்முன் போராடினர். தொகை தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் இப்போராட்டத்தின் வெற்றி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளரையோ, 1990இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான டெக்கான் கல்லூரியின் ஆய்வாளரையோ சென்றடையவில்லை. அவர்க்கு அந்நல்கை முதலிலேயே இருந்ததில்லை. 2023 சனவரி முதல் இளநிலை நல்கை மாதம் 37,000 ரூபாயாகவும் முதுநிலை நல்கை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நல்கை பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையிலான தொலைவும் அதே அளவுக்கு உயர்ந்தது.

2022இன் இறுதியில் வெளிவந்த மானியக்குழுவின் ஒழுங்குமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நீக்கின. ஏற்கெனவே பெற்ற பட்டம் செல்லும். புதிய சேர்க்கை இல்லை. தமிழகக் கல்லூரிகளில் முதுகலை முடித்து, நல்கை ஏதுமின்றி, ஓராண்டில் சிறு ஆய்வேடு ஒன்றை எழுதிப்பார்த்து, ஆய்வு தமக்கு ஒத்துவருமா என்று அறிந்துகொள்ள மாணவர்க்கு இருந்த படி அது. ஊர்ப் பேச்சைப் பற்றிய வட்டார வழக்காய்வுகள் பலவும் அப்படியில்தான் எழுதப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அச்சேறாமல் கல்லூரி நூலகங்களில் கட்டடம் செய்யப்பட்ட படிகளாகவே இருக்கின்றன.