கடைவீட்டிலிருந்து கணினிப் பெட்டி வரை: காற்றோட்டத்தின் சிறு வரலாறு

தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு ரோச்சோர் கால்வாய்ப் பக்கமாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். 1987இல் திறந்த இந்தக் கட்டடத்தில்தான் சிங்கப்பூரில் பலரும் பாகம் பாகமாகக் கணினி வாங்கி, தாங்களே பூட்டிப் பழகினார்கள். அங்கே மாணவர்கள் கடைசியாக யோசிப்பது பெட்டியைப் பற்றி. “கேசிங்தானே, எதுவா இருந்தா என்ன?” என்பார்கள். நம் ஊரில் அப்படி விட்டுவிட முடியாது. ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

பெட்டிக்கு முன்னால் வீட்டைப் பார்ப்போம். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், தெருவோரக் கட்டடங்களின் முன்னால் தொடர்ச்சியான, கூரையுள்ள நடைவழி விடவேண்டும் என்று விதித்தார். அதைத்தான் நாம் ‘அஞ்சடி’ என்கிறோம். சிராங்கூன் சாலைக் கடைவீடுகள் அகலம் குறைந்து, உள்ளே நீண்டு கிடப்பவை. பக்கத்துச் சுவர்களில் ஜன்னல் வைக்க வழியில்லை. ஆகவே நடுவில் வானம் தெரியும் முற்றம் விட்டார்கள். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போகும், அஞ்சடிப் பக்கமிருந்து புதுக் காற்று உள்ளே வரும். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி. இந்த இரண்டும் இருந்ததால்தான் மின்விசிறி இல்லாத காலத்திலும் அங்கே குடியிருக்க முடிந்தது.

கணினிப் பெட்டி இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். மின்வழங்கியில் இருந்த ஒரே விசிறி போதுமானதாக இருந்தது. 486, பென்டியம் காலத்தில் சில்லின் மேல் உலோகத் தகடும் விசிறியும் ஏறின. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற பெட்டி அமைப்பை வெளியிட்டது. அதன் முதல் வடிவத்தில் மின்வழங்கி விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்துச் சில்லின் மீது வீச வேண்டும் என்பது எண்ணம். ஆனால் அந்தக் காற்று மின்வழங்கியைத் தாண்டி வருவதற்குள் சூடாகிவிடும். அதனால் பிறகு திசை மாறி, விசிறி வெப்பத்தை வெளியே தள்ளத் தொடங்கியது.

1997இல் நம் பள்ளிகளுக்குத் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கான முதல் பெருந்திட்டம் வந்தது. மறு ஆண்டே வேகம் கூட்டும் மோகத்துக்கு ஒரு காரணமும் வந்தது, இன்டெல் செலரான் 300ஏ. சில்லின் வேகம் என்பது அடிப்படைத் துடிப்பைப் பெருக்கெண்ணால் பெருக்கி வருவது. 66 மெகாஹெர்ட்ஸை 4.5ஆல் பெருக்கினால் சுமார் 300. துடிப்பை 100 ஆக்கினால் 450! குறைந்த விலைச் சில்லு, விலை உயர்ந்ததோடு போட்டி போட்டது. இதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங்.

ஆனால் சும்மா கிடைக்கும் வேகம் எதுவும் இல்லை. சில்லு இயங்கும்போது செலவாகும் மின்சக்தி வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் 1.1 × 1.1 × 1.1, அதாவது ஏறக்குறைய 33 விழுக்காடு கூடுதல் வெப்பம். 2004இல் வந்த பென்டியம் 4 சில்லுகளில் சில 115 வாட் வரை போயின. அந்தச் சூட்டைச் சமாளிக்க இன்டெல் பிடிஎக்ஸ் என்ற புதுப் பெட்டி அமைப்பையே கொண்டுவந்தது. 2006இல் குறைந்த சூட்டில் ஓடும் கோர் 2 டுவோ வந்ததும் அதன் தேவை போயிற்று. பிரச்சினை மட்டும் போகவில்லை: 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டை தனியாகவே 450 வாட் எடுக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். விசிறி எவ்வளவு சுற்றினாலும் சில்லை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. வேலை செய்யும்போது ஒரு சில்லு அறையைவிட 50 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி அறையில் அது 70. ஏர்கான் போடாத வீவக வீட்டில், பிற்பகல் 31 டிகிரியில், அது 81. குளிர்நாட்டில் தாக்குப்பிடிக்கும் பெட்டி இங்கே திணறும்.

2010களின் பிற்பாதியில் முன்பக்கம் கண்ணாடியாலோ தகட்டாலோ மூடிய அழகுப் பெட்டிகள் பரவின. பார்க்க நன்றாகத்தான் இருந்தன, ஆனால் முற்றத்தை அடைத்த கடைவீடு மாதிரி. பிறகு காற்று திரும்பிவந்தது. ஃபேன்டெக்ஸ் நிறுவனம் 2016இல் மூடிய முகப்போடு விற்ற பி400 பெட்டியை 2019இல் பி400ஏ என்று வலை முகப்போடு வெளியிட்டது. வடிவம் ஏறக்குறைய அதே, மாறியது முகம்தான்.

ஆகவே பெட்டி வாங்கும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள்:

• முன்பக்கம் வலையாக இருக்கட்டும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி இரண்டோ மூன்றோ உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும்.
• உள்வரும் காற்று வெளியேறுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் இடுக்குகளில் தூசி புகுவது குறையும்.
• கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி அவசியம். சாமி மேடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வலையை அடைக்கும்.
• சுவரை ஒட்டியோ மேசை அலமாரிக்குள்ளோ வைத்தால் விட்ட காற்றையே மறுபடி இழுக்கும்.
• அறை வெப்பத்துக்கும் கீழே குளிர்விக்கும் கருவிகளை இங்கே யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். நம் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த பாகத்தில் நீர்த்துளி படிந்தால் கதை முடிந்தது.

இதே கேள்வி நாட்டளவிலும் எழுந்தது. மின்சாரத் தேவை காரணமாகச் சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு நிலையங்களை நிறுத்தி வைத்து, 2022இல்தான் மறுபடி வழிவிட்டது. 2023இல் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், தரவு நிலையங்களைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் இயக்க உதவும் வெப்பமண்டலத் தர அளவை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு வரை மிச்சமாகும் என்பது அதன் கணக்கு.

கருவி வேறெங்கோ வடிவமைக்கப்பட்டாலும் ஓடப்போவது நம் காற்றில்தான். அஞ்சடி கட்டியவர்கள் இதை மறக்கவில்லை. சிம் லிம்மில் பெட்டி தேர்ந்தெடுக்கும்போது நாமும் மறக்காமலிருந்தால் போதும்.

கலந்துரையாடல் வினாக்கள்

1. கடைவீட்டு முற்றத்துக்கும் கணினிப் பெட்டியின் பின்விசிறிக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கூறுக.
2. வேகத்தை 20 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால் வெப்பம் எத்தனை விழுக்காடு கூடும்?
3. அழகா, பயனா? உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு பத்தி எழுதுக.