களத்து நெல்லும் சுதந்தரமும்

தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் வேதாகமத்தில், பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் 11ஆம் வசனத்தில் இன்றைய வாசகர் சற்றே தடுக்கி விழுவார். விசுவாசிகள் ‘முன்குறிக்கப்பட்டவர்கள்’ என்கிறது அந்த வசனம். அதே மூச்சில் அவர்கள் தேவனுடைய ‘சுதந்தரம்’ ஆகும்படி தெரிந்துகொள்ளப்பட்டார்கள் என்றும் சொல்கிறது. ஆகஸ்டு 15க்குக் கொடியேற்றி மிட்டாய் வாங்கி வளர்ந்த காதுக்கு இது புதிர்தான். எல்லாம் முன்னமே குறித்தாயிற்று என்றால் சுதந்திரத்துக்கு அங்கே என்ன வேலை? முரண் வசனத்தில் இல்லை, சொல் நகர்ந்துபோனதில் இருக்கிறது. சுதந்தரம் என்று அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியது வாரிசுச் சொத்தை. சுதந்தரவாளி என்றால் வாரிசு, சுதந்தரித்தல் என்றால் வாரிசாகப் பெறுதல். மலைப்பிரசங்கத்துச் சாந்தகுணமுள்ளவர்கள் பூமிக்கு விடுதலை வாங்கித் தரப்போவதில்லை. பூமியே அவர்களுக்குப் பாத்தியமாக வந்து சேரப்போகிறது. அடிமைத்தனம் நீங்குவதைச் சொல்ல அதே வேதாகமம் விடுதலை, சுயாதீனம் என்ற வேறு சொற்களை வைத்திருக்கிறது. மனிதனுக்குத் தன்னிச்சை உண்டா, இரட்சிப்பு முழுக்கக் கடவுள் கையில்தானா என்று கிறிஸ்தவ உலகம் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கை, சுதந்தரம் என்ற இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நன்றாகப் புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சுதந்தரம், சுதந்திரம் இரண்டுக்கும் மூலம் ஒரே வடமொழிச் சொல். அதில் ‘ஸ்வ’ என்பது தன். ‘தந்த்ரம்’ என்பது முதலில் தறியின் பாவு, பிறகு ஒழுங்கு, ஆளுகை. தன் ஆளுகையில் நிற்பது ஸ்வதந்த்ரம். பாணினி தம் இலக்கணத்தில் வினையைச் செய்யும் கர்த்தாவை வரையறுக்க இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்: வினையில் எவன் சுதந்திரனோ அவன் கர்த்தா. தமிழ்நாட்டு ஊர்களில் இதே சொல் நெற்களத்தில் இறங்கி வேறு வேலை பார்த்தது. கதிரடித்துத் தூற்றிக் குவித்த நெல்லை அம்பாரத்திலிருந்து பங்கு பிரிக்கும்போது, காணியாட்சிக்காரருக்கும் (நிலத்தில் பரம்பரை உரிமை உள்ளவருக்கும்) ஊர்த்தொழில் செய்வோருக்கும் வழிவழியாக அளந்து ஒதுக்கிய நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாண வருவாய் ஆவணங்களில் இந்தச் சொல் அடிக்கடி தென்படும். காணியாட்சிக்காரர் அந்த வருஷம் ஏர்க்காலைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. இன்னார் வீட்டில் பிறந்திருந்தால் நெல் அளக்கும் மரக்கால் அவர் பக்கம் திரும்பும். யாரும் பறிக்க முடியாதபடி தன்னுடையது என்ற வகையில் அது சுதந்திரம். தன் உழைப்பால் வந்ததல்ல என்ற வகையில் அது பேறு. ‘தன்னாட்சி’ என்ற மூலப் பொருளும் ‘வந்து சேர்ந்த உரிமை’ என்ற களத்துப் பொருளும் ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

இலத்தீன் கிறிஸ்தவத்தில் இந்த இரண்டும் அப்படிச் சமாதானமாக இருக்கவில்லை. அங்கே சர்ச்சைக்குரிய சொல் ‘லிபெரும் அர்பித்ரியும்’, அதாவது தன்னிச்சை. அர்பித்ரியும் என்பது மத்தியஸ்தர் சொல்லும் தீர்ப்பு. ஆகவே வெறும் ஆசை அல்ல, நன்மை தீமை இரண்டையும் முன்னால் நிறுத்திவைத்து முடிவு சொல்லும் அதிகாரம் என்பதே அதன் அடிப்பொருள். மனிதன் பாவமில்லாமல் வாழத் தன் இயல்பே போதும் என்பது பெலாகியுஸ் தரப்பு. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதைத் தள்ளினார்கள். அந்தச் சண்டையில் அகுஸ்தீன் செய்த நுட்பமான வேலை, தீர்மானிக்கும் ஆற்றலையும் சுதந்திரத்தையும் பிரித்ததுதான். விழுந்த மனிதனும் தேர்ந்தெடுக்கிறான், ஆனால் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் விடுதலை அவனிடம் இல்லை, அதைக் கிருபை தர வேண்டும் என்றார். 1524இல் எராஸ்முஸ், மனித சித்தத்துக்கு ஒரு சிறு பங்காவது விட்டுவையுங்கள் என்ற தொனியில் ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே லூத்தர் ‘அடிமைப்பட்ட சித்தம்’ பற்றிப் பதில் எழுதினார். தன்னிச்சை என்பது கடவுளுக்கு மட்டுமே உரிய பெயர், மனிதனுக்கு அதைச் சூட்டுவது தகாது என்பது அதில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. பாணினியை லூத்தர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர் கடவுளை அழைக்கும் ‘கர்த்தர்’ என்ற சொல் அந்தக் கர்த்தாவிலிருந்து பிறந்ததுதான். வினைக்கு உரியவனே சுதந்திரன் என்றால், இரட்சித்தல் என்ற வினைக்குக் கர்த்தா யார் என்பதே எராஸ்முஸுக்கும் லூத்தருக்கும் இடையிலிருந்த கேள்வி. எராஸ்முஸ் இலக்கணத்துச் சுதந்திரத்தில் மனிதனுக்கும் ஒரு பங்கு கேட்டார். லூத்தர் மனிதனுக்குக் களத்துச் சுதந்திரம் மட்டுமே உண்டு என்றார்.

தமிழ்ச் சொல்லின் தற்செயலான இரட்டைப் பொருளை வைத்துக்கொண்டு பவுலின் இறையியலைப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் பழைய வேதாகமமான, 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதலின் குழுவினர், கிரேக்கத்தின் ‘கிளேரொநோமியா’வுக்கு ஊர் அறிந்த ஒரு சொல்லைப் போட்டார்கள்; அவ்வளவே. ‘கிளேரோஸ்’ என்றால் சீட்டு. யோசுவா சீலோவில் சீட்டுப் போட்டுக் கோத்திரங்களுக்கு நிலம் பிரித்தது அதன் பின்னணி. ஆனால் வாரிசுரிமையையும் விடுதலையையும் முடிச்சுப் போட்டவர் பவுலே. கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தில் வாரிசு சிறுபிள்ளையாக இருக்கும்வரை அடிமைக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை என்கிறார். அடிமைப் பெண்ணின் மகன் சுயாதீனமுள்ளவளின் மகனோடு சுதந்தரவாளியாக இருக்க முடியாது என்று முடிக்கிறார். இலத்தீனிலும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘லிபெரி’, அதாவது சுதந்திரர் என்றே பெயர். தமிழ் புதிதாக எதையும் கட்டிவிடவில்லை, இருந்த முடிச்சைக் காட்டியது.

வாரிசு தன் பங்கை வேண்டாம் என்று சொல்லலாமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஏசா ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்கு மூத்தவன் பங்கை விற்றான். இறையியலாளர் அர்மீனியுஸ் இறந்த மறு வருஷம், 1610இல், அவருடைய சீடர்கள் நெதர்லாந்தில் வைத்த விண்ணப்பத்தின் உயிர்நாடி இதுதான்: கிருபை இல்லாமல் எதுவும் நடக்காது, ஆனால் கிருபையை எதிர்த்து நிற்க மனிதனால் முடியும். 1618, 1619இல் தோர்த் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அதை மறுத்தது. களத்துச் சொல்லை நம்பினால், இந்த இடத்தில் தோர்த் கொஞ்சம் அவசரப்பட்டது என்றே சொல்வேன். காணியாட்சியை விற்கலாம், அடமானமும் வைக்கலாம். பெறுவதில் பிறந்தவனுக்கு ஒரு பங்கும் இல்லை, இழப்பதில் அவன் கையெழுத்து இருக்கிறது.

இன்னொரு மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாற்று நட்டவளுக்குக் கூலி, பிறந்தவனுக்குச் சுதந்திரம் என்ற களத்து அநீதி இந்த உவமையோடு கூடவே வருகிறது. ஏன் இவன் வாரிசு, ஏன் அவன் இல்லை? முன்குறிப்புக் கோட்பாட்டின்மேல் ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டலில் பிரசங்கித்தபோது கோபப்பட்டதும் இதற்காகத்தான். பவுல் ரோமர் 9இல் குயவனையும் களிமண்ணையும் காட்டி அந்தக் கேள்வியின் வாயை அடைக்கிறார். பதில் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன்.

1995இல் வந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு சுதந்தரத்தை விட்டுவிட்டு ‘உரிமைப்பேறு’ என்கிறது. குழப்பம் தீர்ந்தது, மரக்காலும் போயிற்று. ஆனாலும் ‘பேறு’ வந்தது ‘பெறு’ என்ற வினையிலிருந்து. தமிழில் பிள்ளையைப் பெற்றவரும் பெற்றவர்தான், சொத்தைப் பெற்றவரும் பெற்றவர்தான்.