கோட்டைத் தேவாலயமும் கல்லெழுத்தும்

நந்தனத்திற்கு அணித்தாகச் செனடாப் சாலை என்றொரு தெரு உளது. உடல் பிறிதோரிடத்தில் அடங்கியிருக்க, நினைவின்பொருட்டு மட்டும் எழுப்பப்பெறும் மண்டபத்திற்குச் செனடாப் என்பது பெயர். காரன்வாலிஸ் பிரபுவிற்காக அங்கே எழுந்த மண்டபம் பிற்காலத்திற் பெயர்க்கப்பட்டுக் கோட்டைக்குச் சென்றது; பெயர் மட்டும் தெருவில் எஞ்சிற்று. நாள்தோறும் அவ்வழிச் செல்வோருள் அப்பெயரின் காரணம் அறிவார் சிலரே. கல் இடம் பெயரின் வரலாறும் பெயர்ந்துவிடும் என்பதற்கு இஃதொரு சான்று. ஆயின், பெயர்ந்த கற்களையும் போற்றி வைத்துள்ள ஓரிடம் அக்கோட்டையினுள்ளேயே உண்டு. அதுவே செயிண்ட் மேரி தேவாலயம். இந்தியாவில் ஆங்கிலத் திருச்சபையார் எழுப்பிய ஆலயங்களுள் இன்று நின்று நிலவுவனவற்றில் இதுவே பழையது.

ஸ்டிரென்ஷாம் மாஸ்டர் கவர்னராயிருந்த காலத்தில், 1678 மார்ச்சு 25ஆம் நாள் இதற்கு அடிகோலப்பட்டது. 1680 அக்டோபர் 28ஆம் நாள் பிரதிஷ்டை நிகழ்ந்தது. பொருட்செலவு கம்பெனியார் அளித்ததன்று. கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர் தத்தமக்கு இயன்ற வராகன்களைச் சந்தாவாக ஈந்தே இதனை முடித்தனர். சந்தாவால் வளரும் நம் சங்கத்தார்க்கு இச்செய்தி உவப்பளிக்கும் என்று நம்புகிறோம். புறச்சுவர் நான்கடிக் கனமுடையது. கூரையோ மரம் சிறிதும் கலவாது, செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு, இரண்டடிக் கனத்தில் வளைவாக அமைந்தது. பீரங்கிக் குண்டிற்கு அஞ்சியே இங்ஙனம் கட்டினர்.

பலிபீடத்தின்மேல் இயேசுநாதரின் இராப்போஜனத்தைக் காட்டும் ஓவியம் ஒன்று விளங்குகிறது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கொணர்ந்தது அது என்றும், இத்தாலிய ஓவியர் ரபேலின் வழியினர் தீட்டியது என்றும் கூறுவர். எழுதியவர் பெயர் விளங்கவில்லை.

ஆலயத்தைச் சூழ்ந்த முற்றத்திற் பரப்பியுள்ள கல்லறைக் கற்களின் கதை வியப்பானது. அவை முன்னர்க் கோட்டைக்குப் புறத்தே, பின்னாளிற் சட்டக் கல்லூரி எழுந்த இடுகாட்டில் இருந்தவை. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவன் படையினர் அக்கல்லறைகளை மறைவாகக் கொண்டு சுட்டனர். முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் கல்லறைகளைத் தகர்த்தனர். எனினும் எழுத்துள்ள கற்களை எறிந்தாரில்லை. இலத்தீன், போர்த்துகேசியம், அர்மேனியம் முதலிய பன்மொழி எழுத்துக்களோடு அவை இன்றும் கிடக்கின்றன.

உள்ளே பெரியோர் பலர் நினைவுச் சின்னங்கள் உள. 1827இல் இறந்த ஸர் தாமஸ் மன்றோவின் எச்சம் 1831இல் கூத்தியிலிருந்து கொணரப்பெற்று இங்கே அடக்கமாயிற்று. தம் சபையினராலேயே சிறைப்பட்டு 1777இல் மாண்ட கவர்னர் பிகட் பிரபுவினது என்று கருதப்பெறும் கல்லில், நினைவாக என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் ஒன்றே உளது, பெயர் இல்லை.

இவற்றுள் நம் நெஞ்சைக் கவர்வது சுவார்ட்ஸ் பாதிரியாரின் சலவைக்கற் சிற்பம். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியர் தமிழ் கற்றுத் தமிழரோடு வாழ்ந்து 1798இல் தஞ்சையில் மறைந்தார். ஆங்கிலேயரை நம்பாத ஹைதர் அலியும் அவர் ஒருவரை நம்பினான். அவருடைய மரணப்படுக்கையைக் காட்டும் இச்சிற்பத்தைக் கம்பெனியார் பேக்கன் என்னும் சிற்பியைக் கொண்டு செய்வித்தனர். தஞ்சைச் சரபோஜி மன்னரோ, தம்மை வளர்த்த அப்பெரியாருக்காகப் பிளாக்ஸ்மன் என்பாரிடம் வேறொரு சிற்பம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். இறக்கும் குருவின் கையை மன்னர் பற்றிநிற்கும் காட்சி அது. வாளால் வென்றாரைப் போற்றிய கல் பல. அன்பால் வென்றாரைப் போற்றிய கல் சிலவே.

அன்பர்களே, இவ்வாலயத்தில் முதற்கண் நிகழ்ந்த திருமணம் 1680 நவம்பரில் எலிகு யேலுக்கு நிகழ்ந்தது என்று இன்று நாம் சொல்ல இயல்வது எதனால்? அதனை ஒருவர் எழுதிவைத்தார். பின்வந்தோர் அவ்வேட்டைக் காத்தனர். நம் முன்னோர் கட்டிய சத்திரங்களும் மடங்களும் எத்தனை! திருப்பணி என்னும் பெயரால் அவற்றின் கல்லெழுத்தின்மேற் சுண்ணாம்பு பூசுவதையும், எழுத்துக்கல்லைக் குப்புறப் போட்டுப் படியாக்குவதையும் யாம் கண்டு வருந்தியுள்ளோம். பகைவனுக்கு அரணாய் நின்ற கல்லையும் அயல்நாட்டார் காத்தனர். பாட்டன் பெயர் பொறித்த கல்லை நாம் மிதிப்பது தகுமா?

ஆதலின், தத்தம் ஊரிலுள்ள நம்மவர் தருமக் கல்வெட்டுக்களையும், வீட்டுப் பரணிற் கிடக்கும் செப்பேடு, ஓலை, கணக்கேடுகளையும் படியெடுத்து இவ்வெளியீட்டிற்கு விடுக்குமாறு வேண்டுகிறோம். செல்லரித்தபின் தேடுவதாற் பயன் யாது?