எச்டி பேக் போட்டும் படம் மங்கலா? டிவிக்குப் பின்னால் இருக்கும் வயரைப் பாருங்க!

மாதாமாதம் எச்டி சேனல்களுக்குப் பணம் கட்டுகிறீர்கள். டிவியும் 43 இன்ச். ஆனாலும் ஊரில் அம்மா, அப்பா பார்க்கும் படம் மட்டும் பனிமூட்டத்துக்குப் பின்னால் இருப்பது போலவே இருக்கிறதா? கேபிள்காரரைத் திட்டுவதற்கு முன்னால் டிவியின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர் வந்தால், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

முழு எச்டி படம் என்பது 1920x1080. அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். மஞ்சள் வயர் சுமப்பதோ 576 வரிகள் கொண்ட பழைய எஸ்டி படம். புள்ளிக் கணக்கில் சொன்னால் அதிகபட்சம் 4 லட்சத்துச் சொச்சம். பாக்ஸ் எச்டி சிக்னலை வாங்கி, சுருக்கி, அந்த வயருக்குள் அனுப்புகிறது. டிவி அதை மறுபடி இழுத்துப் பெரிதாக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய விவரத்தில் ஐந்தில் நாலு பங்கு வழியிலேயே காலி. பாக்ஸிலும் டிவியிலும் எச்டிஎம்ஐ இருந்தால், ஒரு சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் மாட்டுங்கள், விஷயம் முடிந்தது.

ஆனால் பழைய ஃப்ரீ டிஷ் பாக்ஸ், டிவிடி பிளேயர், அலமாரியில் தூங்கும் கல்யாண கேசட் இவற்றுக்கெல்லாம் அனலாக் வயர்தான் வழி. அதிலும் எல்லா வயரும் ஒன்றில்லை.

மஞ்சள் வயருக்குள் என்ன நடக்கிறது?

டிவி படத்தில் இரண்டு சங்கதி உண்டு: வெளிச்சம், நிறம். வெளிச்சம் மட்டும் இருந்தால் கறுப்பு வெள்ளைப் படம். 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடம், தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. அதற்காக வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளை டிவிகளைத் தூக்கிப் போட முடியுமா? நாம் எடுத்துக்கொண்ட 'பால்' முறையில் இதற்கு ஒரு வழி இருந்தது. வெளிச்ச சிக்னலுக்குள்ளேயே, 4.43 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், நிறத்தையும் நுழைத்து அனுப்புவார்கள். பழைய டிவி வெளிச்சத்தை மட்டும் காட்டும். கலர் டிவி இரண்டையும் பிரித்தெடுக்கும்.

அந்தப் பிரித்தெடுக்கிற வேலைதான் தலைவலி. படத்தின் நுணுக்கமான கோடுகளும் அதே அலைவரிசைப் பகுதியில்தான் இருக்கின்றன. எது கோடு, எது நிறம் என்று டிவி குழம்பிப் போகும். செய்தி வாசிப்பவரின் பொடிக்கட்டம் போட்ட சேலையில் திடீரென்று வானவில் நெளிந்ததைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு போல ஊர்வதும் இதனால்தான். இந்தக் குழப்பமே வேண்டாம் என்று சில டிவிகள் நுணுக்கமான கோடுகளையே வெட்டிவிடும். அப்போது படம் மொத்தமும் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

இதைவிட மோசமானது, ஆன்டெனா துளையில் சொருகும் ஆர்எஃப் வயர். கலந்த படத்தோடு ஒலியையும் சேர்த்து, ஒரு சேனல் போல மாற்றி அனுப்பி, டிவிக்குள் மறுபடி பிரிக்க வேண்டும். இரைச்சல், நிழல் எல்லாம் கூடவே வரும். வேறு வழி இருந்தால் இதைத் தொடவே தொடாதீர்கள்.

பிரித்து அனுப்பினால்?

எஸ்-வீடியோ செய்வது அதைத்தான். நாலு பின் கொண்ட குட்டி வட்டப் பிளக். வெளிச்சம் ஒரு வழி, நிறம் ஒரு வழி. கலக்காததால் பிரிக்கும் வேலையே இல்லை. வானவில் போயிற்று, எறும்பும் போயிற்று. வரிகள் என்னவோ அதே 576-தான், ஆனால் ஓரங்கள் நறுக்கென்று தெரியும். அந்தப் பின்கள் லேசாக அழுத்தினாலே வளைந்துவிடும் என்பதுதான் தொல்லை.

அடுத்தது காம்பொனென்ட்: பச்சை, நீலம், சிவப்பு. பச்சையில் வெளிச்சம் போகும், மற்ற இரண்டில் நிறம். வீட்டு அனலாக் வயர்களில் என்னைக் கேட்டால் இதுதான் ராஜா. 720பி, 1080ஐ வரை தாங்கும். டிவிடி தட்டில் படம் பதிந்திருப்பதே இப்படிப் பிரித்துத்தான். அதனால் டிவிடி பிளேயரை மஞ்சளிலிருந்து காம்பொனென்டுக்கு மாற்றினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒலிக்குத் தனியாக இரண்டு வயர் வேண்டும். அதிலும் ஒரு சிவப்பு உண்டு, மாற்றிச் சொருகிவிடாதீர்கள்.

நீல நிற 15 பின் விஜிஏ, ஆபீஸ் மீட்டிங் ரூம் பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். கம்ப்யூட்டருக்காக 1987-ல் வந்தது. மூன்று நிறங்களும் தனித்தனி வயரில் போவதால் முழு எச்டி கூடக் காட்டும். ஆனால் கேபிள் நீளமானால் எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிழல் விழும். புரொஜெக்டரில் எக்செல் ஷீட் மங்கலாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்க முலாம் பூசிய பிளக் வாங்கினால் படம் மின்னுமா? மின்னாது. துரு பிடிக்காது, அவ்வளவுதான். கடலோர ஊர் என்றால் அதற்கு மட்டும் பிரயோஜனம் உண்டு. மற்றபடி 75 ஓம் என்று போட்ட, நல்ல உறை உள்ள, தேவைக்கு மேல் நீளமில்லாத வயரே போதும்.

புது டிவியில் மஞ்சள் துளையே இல்லையே?

இரண்டு இடத்தில் தேடுங்கள். சில டிவிகளில் பச்சைத் துளைக்கே மஞ்சள் விளிம்பு போட்டிருப்பார்கள், அதிலேயே சொருகலாம். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம், ரிமோட்டில் சோர்ஸை 'ஏவி' என்று மாற்றுங்கள். வேறு சிலவற்றில் இயர்போன் துளை மாதிரி ஒன்று இருக்கும். அதற்குத் தனி இணைப்பு வயர் தேவை. கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே வயரிங் மாறும் என்பதால், டிவியோடு வந்ததையே பயன்படுத்துவது நல்லது.

இரண்டும் இல்லையென்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர். வாங்கும்போது திசையைப் பாருங்கள், எதிர்த்திசைக்கானதும் ஏறக்குறைய அதே போலத்தான் இருக்கும். அட்டையில் '1080பி' என்று போட்டிருந்தாலும் அது பெரிதாக்கிக் காட்டுவதுதான். இல்லாத விவரம் புதிதாக வராது.

கல்யாண கேசட்டுக்கு எது சரி?

உண்மையில் அவசரம் இங்கேதான். விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. மிஞ்சியிருக்கும் டெக்குகளைச் சரிசெய்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். கேசட்டும் காத்திருக்காது. ஈரப்பதமான ஊரில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும்.

சாதாரண விஎச்எஸ் கேசட்டின் தெளிவு குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுதான். அதற்குக் காம்பொனென்ட் தேடி அலைவது வீண். டெக்கில் எஸ்-வீடியோ இருந்தால் அதை எடுங்கள், ஏனென்றால் கேசட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. இல்லையென்றால் மஞ்சளே போதும். வயரை விட டெக்கின் ஹெட் சுத்தமாக இருப்பதுதான் முக்கியம்.

லேப்டாப்பில் பதியும் சாதனத்தில் 'பால்', 720x576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். படத்தை 4:3 வடிவிலேயே விடுங்கள். அகலத் திரைக்கு இழுத்தால் பொண்ணு, மாப்பிள்ளை இரண்டு பேரும் குண்டாகிவிடுவார்கள்!

உங்களிடம் இருப்பது சின்ன மினிடிவி கேசட் என்றால் மஞ்சள் வயர், எஸ்-வீடியோ எதுவுமே வேண்டாம். அதில் இருப்பது டிஜிட்டல் பதிவு. கேமராவின் ஃபயர்வயர் துளை வழியாக அப்படியே நகலெடுக்கலாம், தரம் துளியும் குறையாது. கடையில் கொடுத்தால் எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நாடாவில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் மட்டும் டெக்கில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.