மோட்டார் சைக்கிளில் ஐரோப்பா

புணே நகரின் வடகிழக்கே, ஆளந்திக்குச் செல்லும் சாலையில், விஷ்ராந்த்வாடி என்றோர் இடம் உண்டு. விஷ்ராந்தி என்பது இளைப்பாறுதல். வாடி என்பது குடியிருப்பு. விமான நிலையத்துக்கும் தானோரிக்கும் ஆளந்திக்கும் சாலைகள் பிரியும் அந்தச் சந்தியில் இன்று ஒரு நாழிகை நின்று பார்ப்பவர் எவருக்கும் இளைப்பாறுதல் என்ற சொல் நினைவுக்கு வராது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. வேலை நிமித்தமாக இப்பகுதியில் வந்து குடியேறிய நம் தமிழ் இளைஞர் சிலர் மாலை வேளையில் கூடினால், பேச்சு மோட்டார் சைக்கிளைப் பற்றித் திரும்பும். பிறகு, அதில் ஏறி ஐரோப்பாவைச் சுற்றி வருவதைப் பற்றி வளரும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் என்பதே அவர்கள் எழுப்பும் முதற் கேள்வி. நெடுவழி சென்றவர்களின் வரலாற்றைப் புரட்டினால், அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்றே நமக்குத் தோன்றுகிறது. எங்கே தங்குவது, எந்தப் பருவத்தில் போவது, எல்லையில் எந்தத் தாளைக் காட்டுவது ஆகிய மூன்றும் முதலில் தீர வேண்டும்.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில், ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு ஆளந்தியிலிருந்து புறப்பட்டு, விஷ்ராந்த்வாடி வழியாகவே புணேயை அடைகிறது. பின்னர்ப் பண்டரிபுரம் நோக்கிச் செல்கிறது. இந்த யாத்திரைக்கு இன்றுள்ள ஒழுங்கை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர் ஹைபத்ராவ் பாபா ஆர்பல்கர் என்பவர். குவாலியர் சிந்தியாக்களிடம் பணிபுரிந்த அவர், படை நடத்தும் முறையிலேயே பக்தர் கூட்டத்தை நடத்தினார். இன்ன பஜனைக் குழு பல்லக்கின் முன்னே, இன்னது பின்னே என்று வரிசை. புறப்பாட்டுக்குக் கொம்பு ஊதுதல். அங்கலி ஊர்ச் சிதோளே சர்தார்கள் அனுப்பும் இரு குதிரைகள். அவற்றுள் ஒன்றன்மீது யாரும் ஏறுவதில்லை. அது ஞானேசுவரருக்கு உரியது! இன்ன இரவு இன்ன ஊரில் என்று தங்குமிடங்களை முன்னதாகவே குறித்துவிட்டதால்தான், இலட்சக்கணக்கானோர் குழப்பமின்றி நடக்க முடிகிறது.

ஐரோப்பாவில் மோட்டார் வண்டி தோன்றியபோதும் இதே தேவை எழுந்தது. டயர் செய்யும் மிஷெலின் கம்பெனியார் 1900ஆம் ஆண்டில் ஒரு சிறு கையேட்டை 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினர். அப்பொழுது பிரான்சு தேசத்தில் ஓடிய மோட்டார் வண்டிகளோ சில ஆயிரமே. பெட்ரோல் எங்கே கிடைக்கும், வண்டியைச் செப்பனிடுபவர் எங்கே இருக்கிறார், இரவு எங்கே படுக்கலாம் என்பனவே அக்கையேட்டின் உள்ளடக்கம். அவை தெரிந்தால் மக்கள் துணிந்து புறப்படுவர். புறப்பட்டால் டயர் தேயும். வியாபாரியின் கணக்கு அது. பயணிக்கும் அதனால் நன்மையே விளைந்தது.

நம் நாட்டிலிருந்து இருசக்கரத்தில் ஐரோப்பாவை அடைந்த முன்னோடிகள், மோட்டாரில்லாச் சைக்கிளில் சென்றவர்களே. 1923ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். பாரசீகத்தையும் மெசபடோமியப் பாலையையும் கடந்து, சிரியா, எகிப்து வழியாக ஐரோப்பாவை எட்டினர். பின்னர் அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா எனச் சுற்றினர். 1928 மார்ச்சில் பம்பாய்க்குத் திரும்பியபோது அவர்கள் கடந்திருந்த தொலைவு ஏறத்தாழ 44,000 மைல். ஆனால் திரும்பியவர்கள் மூவரே: ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா. மற்ற மூவரும் இடைவழியில் பிரிந்துவிட்டனர். பழுதான சைக்கிளைச் சீர்செய்துவிடலாம். நான்கரை ஆண்டுக் காலம் ஒரே மனத்துடன் அறுவர் கூடிச் செல்லுதல் அவ்வளவு எளிதன்று. துணையைத் தேர்ந்தெடுப்பதும் திட்டத்தில் ஒரு பகுதி என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க. அவர்கள் எழுதி 1931இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை வழங்கியவர் ஜவாஹர்லால் நேரு.

அதே காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வரத் தொடங்கின. சுல்கோவ்ஸ்கி, பார்த்தா என்னும் ஹங்கேரியர் இருவர், பக்கப் பெட்டி பூட்டிய ஹார்லி டேவிட்சனில் 1928இல் புறப்பட்டு, இந்தியா உட்படப் பல நாடுகளைச் சுற்றி, 1936இல்தான் பயணத்தை முடித்தனர். 1932இல் ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் லண்டனில் ஒரு விருந்தின்போது, கப்பலேறி ஊர் திரும்புகிறீரா என்று கேட்டவரிடம், இல்லை, மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றப் போகிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார். டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பெனியைச் சேர்ந்தவர் ஒருவர் அதே மேசையில் அமர்ந்திருந்தார். வண்டி நாங்கள் தருகிறோம் என்றார்! சொன்ன வாக்கைக் காப்பாற்ற ஃபுல்டனுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. திட்டமே இன்றித் தொடங்கி வெற்றி பெற்றவர் அவர் ஒருவரே எனலாம். அவரைப் பின்பற்றும்படி நாம் யாருக்கும் சொல்லமாட்டோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தரைவழி சில காலம் நன்றாகவே திறந்திருந்தது. 1957 ஏப்ரல் 15ஆம் நாள் லண்டனில் புறப்பட்ட ‘இந்தியாமேன்’ என்ற பஸ், ஐரோப்பா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ஜூன் 5ஆம் நாள் கல்கத்தாவை அடைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் எண்ணற்ற பயணிகள் அவ்வழியே வந்துபோயினர். 1979இல் ஈரானில் புரட்சி. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. பழைய வழி அத்துடன் அறுந்தது. நமக்கோ வாயிற்படியிலேயே இடர்: இந்திய–பாகிஸ்தான் எல்லை அரசியலுக்கு ஏற்பத் திறப்பதும் மூடுவதுமாக இருந்து வந்துள்ளது, 2025 ஏப்ரலில் அட்டாரிச் சாவடி மூடப்பட்டது. ஆகவே தரைவழியே செல்லத் துணிந்தவர்கள் நேபாளம், திபெத், மத்திய ஆசியா என்று வளைந்து செல்வதுண்டு. சீனத்தில் அந்நிய வண்டிக்கு உள்ளூர் வழிகாட்டியும் தற்காலிக உரிமமும் வேண்டும், செலவு பெரிது. வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்பிவிட்டுத் தாம் பின்னே செல்வது இன்னொரு முறை. ஐரோப்பாவிலேயே வாடகைக்கு எடுத்து ஓட்டுவது எல்லாவற்றினும் எளிது. இவ்வகைப் பயணத்தில் நம்மவர்க்கு ஆர்வம் பெருகியுள்ளதற்கு ஓர் அறிகுறி: திரைப்பட நடிகர் அஜித் குமார் 2023இல் மோட்டார் சைக்கிள் பயணங்களை ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்றையே தொடங்கினார்.

சொந்த வண்டியில்தான் போவேன் என்பவரின் பிடிவாதமும் நமக்குப் புரிகிறது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட், 1977 தொடங்கி இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயிற்று. இங்கிலாந்தில் அவ்வண்டியைப் பெற்ற தாய்க் கம்பெனி அதற்கு முன்பே மறைந்துவிட்டது. நம் வண்டிக்கு அந்த ஊர் புதிதன்று. எனினும் கிளட்ச் வயர், டியூப், பிளக் ஆகியவற்றை உடன் கொண்டு செல்வதும், பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வதும் நன்று.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்ப்ஸ் மலையில் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆஸ்திரியப் பேரரசு 1820–25இல் கார்லோ டொனெகானி என்ற எஞ்சினீயரைக் கொண்டு அச்சாலையை அமைத்தது. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறிப் பழகியவருக்கு எண்ணிக்கை அச்சம் தராது. பனிதான் அச்சம் தரும். குளிர்காலத்தில் சாலையே மூடப்பட்டு, கோடைத் தொடக்கத்தில்தான் திறக்கிறது. ஆகவே மலைவழிகளை ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்ள வேண்டும். இதே மலையில் கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாயில், 11ஆம் நூற்றாண்டில் துறவியர் வழிப்போக்கர்களுக்கென ஒரு சத்திரம் எழுப்பினர். அது இன்றும் இருக்கிறது. விஷ்ராந்தி அங்கும் உண்டு!

இனி, இளைஞர்கள் கடைசிக்கு ஒத்திப்போடும் தாள்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓராண்டுக்கு வழங்குகிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் உடன்பாட்டு நாடுகளில், எந்த 180 நாட்களிலும் 90 நாட்களே தங்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் சேரா. காப்பீட்டுக்கென ஐரோப்பாவில் ‘பச்சை அட்டை’ முறை 1953 முதல் நடக்கிறது. இந்தியா அதில் உறுப்பினர் அன்று; எனவே நுழையுமிடத்தில் தனியே காப்பீடு வாங்க வேண்டும்.

எல்லாவற்றினும் கவனத்துக்குரியது ‘கார்னே’ என்னும் சுங்கப் புத்தகம். வண்டியை ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய் வரி கட்டாமல் விற்றுவிடமாட்டோம் என்பதற்கு அது பிணை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுள் பொதுவாக அது வேண்டியதில்லை. வழியிலுள்ள ஈரான் போன்ற நாடுகளில் அது இன்றி நுழைய இயலாது. மேற்கு இந்தியாவில் இருப்பவர்கள் 1919இல் பம்பாயில் நிறுவப்பெற்ற மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தின் வாயிலாக அதனைப் பெறுவர். அதற்காகக் கட்டும் பிணைத்தொகை, செல்லும் நாடுகளைப் பொறுத்து, வண்டியின் விலையையும் விஞ்சக்கூடும். குடும்பத்தின் சேமிப்பே அதில் அடகாகிறது என்க. புத்தகத்தின் ஒவ்வோர் ஏடும் மூன்று துண்டு: நுழையும்போது சுங்க அதிகாரி ஒன்றைக் கிழித்துக்கொள்வார்; வெளியேறும்போது மற்றொன்றை; மூன்றாவது, இரு முத்திரைகளுடன் நம்மிடமே தங்கும். ஒரு முத்திரை விடுபட்டாலும், வண்டி அந்நாட்டிலேயே இருப்பதாகத்தான் கணக்கு. கடைசி முத்திரை, வண்டி இந்தியாவுக்குள் திரும்பி வந்ததற்கு நம் சுங்கத்தார் இடுவது. அது விழுந்த பிறகே பிணைப்பணம் வீடு திரும்பும்.