தற்காலிக வான்தளங்களின் இடத்தேர்வு: போர்க்கால நில அளவையும் கணினித் திட்டமிடலும் (மண்டபத்தூர்க் கடற்கரையை முன்வைத்து)

முன்னுரை

படைத்துறை வானூர்திகள் குறுகிய காலத்திற்கு ஏறி இறங்குவதற்கென அமைக்கப்படும் களம் தற்காலிக வான்தளம் எனப்படும். அதற்குரிய நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பணி, இரண்டாம் உலகப்போரின்போது நில அளவையாளரிடமும் பொறியாளரிடமும் இருந்தது. இன்று அப்பணியின் முதற்கட்டத்தைப் புவித்தகவல் மென்பொருள்கள் செய்கின்றன. கருவிகள் மாறினும் அளவுகோல்கள் மாறவில்லை என்பதையும், தற்காலிகம் எனத் தேர்ந்த நிலம் பல இடங்களில் நிலையாகிவிட்டதால் மக்களின் நிலப்பயன்பாடும் அவ்வளவுகோல்களுள் ஒன்றாக வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

போர்க்காலத் தேர்வு

1942 ஏப்ரல் 5 அன்று சப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. அப்போது அந்நகரின் குதிரைப் பந்தயத் திடல் ஓடுபாதையாக மாற்றப்பட்டிருந்தது. பிரித்தானிய வான்படையின் 258ஆம் அணி அங்கிருந்தே எதிர்த்தெழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. கிழக்குக் கடற்கரையின் பாதுகாப்பு அவசரத் தேவையாயிற்று. தஞ்சாவூர், செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம், அரக்கோணம், கயத்தாறு, உச்சிப்புளி முதலிய இடங்களில் போர்க்கால ஓடுபாதைகள் அமைந்தன.

இவற்றுள் தஞ்சாவூரின் அமைவிடம் சிறப்பாகக் கருதத்தக்கது. ஓடுபாதை காவிரிப் பாசன வயல்களுக்குள் அமையாமல், நகருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலைப் பக்கத்துச் செம்மண் மேட்டுநிலத்தில் அமைந்தது. செட்டிநாட்டுத் தளமும் வண்டல் நிலத்தை விட்டு விலகியதே. ஓடுபாதைகளின் வரைபடம் ஒருவகையில் மண்வகைகளின் வரைபடமாகவும் விளங்குகிறது.

இதன் பொறியியல் அடிப்படை எளியது. ஓர் உருளையை மண்ணுள் அழுத்தும்போது எழும் எதிர்ப்பைத் தரப்படுத்திய சரளைக்கல்லின் எதிர்ப்போடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை எனக் கூறுவது கலிபோர்னியா தாங்கு விகிதம். நெடுஞ்சாலைகளுக்கென உருவான இம்முறையை அமெரிக்கப் படைப் பொறியாளர்கள் போர்க்காலத்தில் வான்தளங்களுக்கு ஏற்றனர். களிமண் ஈரமுற்றால் இவ்விகிதம் வெகுவாகச் சரியும். மென்மண்ணில் துளையிட்ட எஃகுப் பலகைகளை விரித்தும், பர்மா போர்முனையில் தார் தோய்ந்த சணல் துணியைப் பரப்பியும் அக்குறையை ஈடுசெய்தனர். எனினும் வடிகாலற்ற நிலத்தை எப்பலகையும் முழுமையாகக் காப்பதில்லை.

மென்பொருளின் பார்வை

தற்கால மென்பொருள் செயற்கைக்கோள் படத்திலிருந்து தடையற்ற, சமமான, போதிய நீளமுள்ள பட்டைகளைப் பிரித்தெடுக்கிறது. பின்னர் மண்வகை, ஈரம், சாய்வு, வெள்ள அபாயம், சாலைத் தொடர்பு ஆகியவற்றை அடுக்குகளாகப் பொருத்தி ஒவ்வோர் அடுக்குக்கும் மதிப்பெண் வழங்குகிறது. அளவையாளர் குறிப்பேட்டில் இருந்த வினாக்களே இவை. விரைவு மட்டுமே புதியது.

இம்முறையை மண்டபத்தூருக்குப் பொருத்திப் பார்க்கலாம். காரைக்கால் பகுதியின் வடகோடியில், நண்டலாற்றை அடுத்த மீனவச் சிற்றூர் இது. சாய்வு என்னும் அளவுகோலில் இந்நிலம் முழு மதிப்பெண் பெறும். மண் என்னும் அளவுகோலிலோ மேற்கேயுள்ள நெல்வயல்கள் தேறா. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவை நீர் தேங்கும் களிமண் நிலங்கள். எஞ்சுவது கடலோர மணல்மேடு. அம்மேட்டிலேயே மக்கள் வாழ்கின்றனர். காரைக்கால் கடற்கரை ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று: கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு. தாழ்ந்த கழிமுகத்தில் உயர்ந்த இடத்தைக் கண்டு குடியேறிய முன்னோரின் இடத்தேர்வு இப்பெயர்களில் பதிவாகியுள்ளது.

இவ்வேறுபாட்டை மென்பொருள் காண்பது கடினம். உலகெங்கும் பயன்படும் உயரத் தரவுகளுள் ஒன்று, 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் திரட்டப்பட்டது. அதற்கென வகுத்த செங்குத்துப் பிழை வரம்பு 16 மீட்டர். கழிமுகத்தின் மேடுபள்ளமோ சில மீட்டர்களே. மேலும் அத்தரவு தென்னந்தோப்பின் தலைப்பகுதியையும் நிலமட்டத்தையும் தெளிவாகப் பிரித்தறிவதில்லை. படகு ஏற்றும் கரையும், வலை உலர்த்தும் திடலும், கருவாடு காயவைக்கும் களமும் படத்தில் வெற்றுநிலமாகவே தோன்றும்.

தற்காலிகம் நிலையாதல்

போர் முடிந்தபின் இத்தளங்கள் பலவும் பழைய பயன்பாட்டிற்குத் திரும்பவில்லை. சோழவரம் ஓடுபாதை கார்ப் பந்தயக் களமாயிற்று. அரக்கோணத்தில் 1992இல் ‘ராஜாளி’ கடற்படை வான்தளமும், உச்சிப்புளியில் 2009இல் ‘பருந்து’ தளமும் தொடங்கப்பட்டன. தஞ்சாவூர் 2013இல் முழுமையான வான்படை நிலையமாகி, 2020இல் சுகோய்-30 அணியைப் பெற்றது. அவசரகாலத்தில் தேர்ந்த நிலம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் படைத்துறையின் நிலமாகவே நீடித்தது. ஆகவே ‘சில மாதங்களுக்கு மட்டும்’ என்னும் கருதுகோளில் நிகழும் இடத்தேர்வு, நடைமுறையில் தலைமுறைகளுக்கான நிலத்தேர்வாகிறது.

இதற்கு மாற்றுவழியும் உருவாகியுள்ளது. 2021 செப்டம்பரில் இராசத்தானின் பார்மர் அருகே தேசிய நெடுஞ்சாலையின் 3 கிலோமீட்டர் பகுதி அவசர ஓடுபாதையாகத் திறந்துவைக்கப்பட்டது. சாலை சாலையாகவே நீடிக்க, தற்காலிகப் பயன்பாடு உண்மையிலேயே தற்காலிகமாக அமைகிறது.

முடிவுரை

நிலத்தின் தாங்குதிறனை அளக்கும் மென்பொருள், அந்நிலத்தை யார், எப்பருவத்தில், எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதையும் ஓர் அடுக்காகக் கொள்ளவேண்டும். கிராமக் கணக்குகள், புறம்போக்குப் பதிவேடுகள், ஊர்ப்பெயர்கள், மீனவர் வாய்மொழி வழக்காறுகள் ஆகியவை அதற்குரிய தரவுகள். அவற்றைத் திரட்டும் திறன் வரலாறு, தமிழியல் ஆய்வாளர்களிடம் உள்ளது. ‘மேடு’ என்னும் ஒரு சொல், 16 மீட்டர் பிழை வரம்புடைய தரவு காட்டாத உயரத்தைக் காட்டுகிறது. அங்குக் குடியிருப்பு உண்டென்பதையும் உணர்த்துகிறது.